பீக்கன் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? டெம்பி விபத்தும் இராமநாதபுரம் கடற்கரைச் சாலையும்

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். இரவு பத்து மணி ஆகப்போகிற நேரத்தில் 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அகலமான ஒரு சாலையைக் கடந்தார். யூபர் நிறுவனம் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்த தானியங்கி வால்வோ கார் அவர்மேல் மோதியது. அவர் இறந்துபோனார். தானாக ஓடும் கார் மோதி, நடந்துபோனவர் இறந்ததாகப் பதிவான முதல் விபத்து இது.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்து 2019 நவம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டது. கடைசிப் பத்து நொடிகளில் காரின் கணினி என்ன நினைத்தது என்பதைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்த அறிக்கை. சைக்கிள்காரரும் நடப்பவரும் ஆளுக்கொரு மின்னணு பீக்கன் வைத்துக்கொள்ள வேண்டும், அது "நான் இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும், கார் கேட்டு ஒதுங்கும் என்ற யோசனையைப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த அறிக்கையைத்தான்.

படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி பொருத்திப் பழுது பார்ப்பது என் தொழில். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லும் பெட்டிகளோடுதான் பிழைப்பு. அதனால் இந்த யோசனையைக் கேட்டதும் சாலையைவிடக் கடல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம்ம ஊரில் ஓட்டுநர் இல்லாத கார் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இல்லைதான். ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் இந்தியாவுக்குள் அதை விட மாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறார். ஆனால் பாதித் தானியங்கி வந்துவிட்டது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், கோட்டுக்குள் தானே ஸ்டியரிங்கைத் திருத்தும், ஆபத்தென்றால் தானே பிரேக் அடிக்கும் கார்கள் 2021 முதல் இங்கே சாதாரணமாக விற்பனையில் உள்ளன. வார இறுதியில் பாம்பன் பாலத்தில் நின்று பாருங்கள். சென்னை, பெங்களூரு பதிவெண்ணோடு தனுஷ்கோடிக்குப் போகும் கார்களில் இந்த வகையும் நிறையவே உண்டு. ஓட்டுபவரின் கால் பெடலில் இருக்கிறதா, கண் சாலையில் இருக்கிறதா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

5.6 நொடி

டெம்பியில் அந்தச் சாலையின் வேக வரம்பு மணிக்கு 45 மைல். கார் 44 மைலில் வந்தது, அதாவது சுமார் 70 கி.மீ. மோதலுக்கு 5.6 நொடி முன்பே ரேடார் அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அந்த வேகத்துக்கு அது சுமார் 110 மீட்டர் தூரம். காய்ந்த தார்ச்சாலையில் 70 கி.மீ. வேகத்தில் வரும் காரை நிறுத்த, பிரேக் விழுந்த இடத்திலிருந்து 30 மீட்டர் இருந்தால் போதும். தூரம் தாராளமாக இருந்தது.

ஆனால் கண்ணில் பட்டது என்ன என்று மென்பொருளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. முதலில் "வாகனம்" என்றது. 5.2 நொடி இருக்கும்போது, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரும் பார்த்தது, "வேறு ஏதோ" என்றது. அப்புறம் வாகனம், வேறு ஏதோ, மறுபடி வாகனம் என்று மாறி மாறிப் போனது. 2.6 நொடியில் "சைக்கிள்" என்றது. 1.5 நொடியில் திரும்பவும் "வேறு ஏதோ". 1.2 நொடியில் மீண்டும் சைக்கிள். பெயர் மாறிய ஒவ்வொரு முறையும், அதுவரை அந்தப் பொருள் எப்படி நகர்ந்து வந்தது என்ற கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கியது. இடமிருந்து வலமாக ஒரே சீராக நடந்து வந்த மனிதரைக் கணினி திரும்பத் திரும்ப, இப்போதுதான் முளைத்த பொருளாக எடுத்துக்கொண்டது.

நடந்து போகும் ஆள் என்று மட்டும் ஒருமுறைகூட அது சொல்லவில்லை. காரணம் அறிக்கையில் இருக்கிறது: கடவைக் கோடு இல்லாத இடத்தில் ஆள் சாலையைக் கடப்பார் என்பதற்கு அந்த வடிவமைப்பில் இடமே ஒதுக்கப்படவில்லை. அங்கே மிக அருகில் இருந்த கடவை சுமார் 110 மீட்டர் தள்ளி. சாலையின் நடுத்திட்டிலோ நடப்பதற்கென்றே போட்டது போலச் செங்கல் பாவிய பாதை ஒன்று இருந்தது, கூடவே இங்கே கடக்காதீர்கள் என்று பலகையும் இருந்தது. இந்த மாதிரி வேலை நம்ம நெடுஞ்சாலைத் துறைக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

1.2 நொடி இருக்கும்போது மோதப்போகிறோம் என்று கணினிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு முழு நொடி அது எதுவும் செய்யவில்லை. அப்படித்தான் எழுதிவைத்திருந்தார்கள். காற்றில் பறக்கும் காகிதத்துக்கும் நிழலுக்கும் கார் சடக் சடக்கென்று பிரேக் அடித்தால் உள்ளே உட்கார முடியாது. அதனால் அவசர முடிவு வந்தால் ஒரு நொடி பொறுத்துப் பார் என்று ஏற்பாடு. அந்த நொடியில், சோதனை ஓட்டத்தைக் கண்காணிக்க உள்ளே இருந்த பாதுகாப்பு ஓட்டுநருக்கும் எச்சரிக்கை போகாது. எச்சரிக்கை ஒலித்தபோது மீதம் இருந்தது 0.2 நொடி. வால்வோ தயாரித்தபோதே காரில் வைத்திருந்த அவசர பிரேக், கணினி ஓட்டும் நேரத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓட்டுநரின் பார்வை கைப்பேசியில் இருந்தது. வாரியம் முதன்மைக் காரணமாக அவருடைய கவனச் சிதறலைச் சொன்னது; நிறுவனத்தின் பாதுகாப்பு நடைமுறைக் குறைகளையும் மாநிலத்தின் மேற்பார்வைக் குறையையும், கடவை இல்லாத இடத்தில் அவர் கடந்ததையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. 2023-ல் ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

அந்தப் பெண் கருநிற உடை அணிந்திருந்தார். சைக்கிளின் முன்னும் பின்னும் ஒளி எதிரொளிப்பான்கள் இருந்தன, பக்கவாட்டில் இல்லை. குறுக்கே தள்ளிப் போகும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் இருப்பதால் என்ன பயன்?

பீக்கன் சேர்த்துப் பார்த்தால்

சரி, அவர் சைக்கிளில் ஒரு பீக்கன் இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

ஒரு பெரிய உதவி கிடைத்திருக்கும். பீக்கனின் அடையாள எண் மாறாது. "நான் சைக்கிளோடு இருக்கும் ஆள், எண் இன்னது, இந்தப் பக்கமாக நகர்கிறேன்" என்று நொடிக்குப் பல முறை ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருக்கும். கணினி பெயரை மாற்றி மாற்றிக் குழம்பியதும் நகர்வுக் கணக்கை அழித்ததும்தான் பாதி நோய் என்பதால், மாறாத எண் அந்த நோய்க்கு நேரான மருந்து. பீக்கன் யோசனையைக் கேலி செய்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மற்ற பாதியை அது தொடாது. ஒரு நொடிக் காத்திருப்பு அப்படியே இருந்திருக்கும், அணைத்து வைத்த பிரேக் அணைந்தே இருந்திருக்கும். இன்னொன்று, இருப்பிடம். பீக்கனுக்குத் தன் இடத்தைச் சொல்வது ஜிபிஎஸ். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசி ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் வட்டத்துக்குள் இடம் சொல்லும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். ஆகவே ஆள் சாலையோரத்தில் காத்து நிற்கிறாரா, காரின் முன்னால் நிற்கிறாரா என்று பீக்கனால் பிரித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் ரேடாரும் லைடாரும் டெம்பி காரில் ஏற்கெனவே இருந்தன, சொல்லவும் செய்தன.

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். வேறொரு கார் இடித்துத் தூக்கி எறிந்த பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் காரின் முன்னால் விழுந்தார். அந்தக் கார் அவர்மேல் மோதி நின்றது. பிறகு ஓரம் கட்டுவதாக நினைத்து அவரை சுமார் 20 அடி இழுத்துப் போனது. அதே மாதம் கலிபோர்னியா அந்த நிறுவனத்தின் ஓட்டுநரில்லா அனுமதியை நிறுத்தியது. ஆள் காருக்குப் பக்கத்திலா, அடியிலா என்று அறிய வேண்டிய நேரத்தில் 5 மீட்டர் பிழையுள்ள பீக்கனால் என்ன சொல்ல முடியும்?

யோசனை புதிதுமில்லை. சைக்கிள்காரர் தலைக்கவசமும் காரும் பேசிக்கொள்ளும் ஒரு மாதிரியை வால்வோ, தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன், தலைக்கவச நிறுவனமான பிஓசி மூன்றும் சேர்ந்து 2015 தொடக்கத்தில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் காட்டின. 2016-ல் ரெனோ தலைவர் கார்லோஸ் கோன், தானியங்கிக் கார்களுக்குப் பெரிய தலைவலி சைக்கிள்காரர்கள்தான், ஒரு நேரம் கார் போல நடக்கிறார்கள், ஒரு நேரம் நடப்பவர் போல நடக்கிறார்கள் என்று சொன்னார். சைக்கிள் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, தானியங்கிக் கார் நேற்று வந்தது. யார் யாருக்குத் தலைவலி என்று அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டார்களா தெரியவில்லை. அதன்பின் ஃபோர்டு, கைப்பேசியின் புளூடூத் வழியாகவே நடப்பவரையும் சைக்கிள்காரரையும் காருக்கு அறிவிக்கும் செயலியைச் சோதித்து 2022-ல் காட்டியது. தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டாம் என்பது அதன் நன்மை. ஆனால் புளூடூத் அலையை மனித உடம்பு நன்றாகவே மறைக்கும். கைப்பேசியை முன்பக்கம் இடுப்பில் செருகியிருக்கும் ஆளுக்குப் பின்னால் வரும் காருக்குச் சிக்னல் மெலிந்துதான் போய்ச்சேரும்.

அலைவரிசைக் கதையும் நம்பிக்கை தருவதாக இல்லை. வாகனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக அமெரிக்கா 1999-ல் 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கியது. இருபது வருஷமாகப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. 2020-ல் அதில் 45-ஐப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள், மீதி 30.

கடலில் நடந்த பாடம்

கப்பல்களுக்கு ஏஐஎஸ் என்று ஒரு கருவி உண்டு. பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் அலையில் தானே சொல்லிக்கொண்டே போகும். வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு 2004 முடிவோடு இது கட்டாயமானது. சிறு கலங்களுக்கென்று கிளாஸ் பி என்ற எளிய வகை இருக்கிறது. பெரிய கப்பலின் கருவி 12.5 வாட் சக்தியில், ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறை பேசும். சாதாரண கிளாஸ் பி 2 வாட்டில், 30 நொடிக்கு ஒரு முறை பேசும். 8 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கி.மீ. வேகத்தில் போகும் படகு 30 நொடியில் ஏறக்குறைய 120 மீட்டர் நகர்ந்திருக்கும். கடலில் அது பெரிய குறையில்லை. சாலையில் 80 கி.மீ. வேகக் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அங்கே நொடிக்குப் பத்து முறை பேசினால்தான் ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையில் இரண்டு மீட்டர் என்ற கணக்கில் நிற்கும். பத்து முறை பேச பேட்டரி வேண்டும். நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் சைக்கிளில் அந்த பேட்டரியை யார் சார்ஜ் போட்டுக் கொடுப்பது?

இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்குப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது, மதிப்பு 364 கோடி ரூபாய். நல்ல கருவி. படகு எங்கே என்று கரைக்குத் தெரியும், ஆபத்தென்றால் செய்தி அனுப்பலாம், எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும். ஆனால் நம் ஆட்கள் எல்லாப் பெட்டியையும் டிரான்ஸ்பாண்டர் என்றுதான் சொல்வார்கள். தூத்துக்குடிக்குப் போகும் கப்பலின் திரையில் இந்தப் பெட்டி தெரியாது, அது கரையோடு மட்டும்தான் பேசும். விசைப்படகில் வேலை செய்யும் தம்பி ஒருவர் இதைக் கேட்டார்.

"அண்ணே, இது இருந்தா கப்பல்காரன் ஒதுங்கிப் போயிருவானா?"

"இது அவனுக்குக் கேக்காதுப்பா. ஏஐஎஸ் வேற."

"அது வச்சா ஒதுங்குவானா?"

"திரையப் பார்த்தா ஒதுங்குவான்."

பார்த்தால். முழு விவகாரமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சிறு படகுகள் நெரிசலாக இருக்கும் இடத்தில் திரை முழுக்கப் புள்ளியாக அப்பிக்கொள்ளும் என்பதால் கிளாஸ் பி புள்ளிகளை மறைத்துவைக்கும் வசதி சில கருவிகளில் இருக்கிறது. டெம்பி காரின் ஒரு நொடிக் காத்திருப்பும் இதுவும் ஒரே குணம்தான். எச்சரிக்கை அதிகமானால் எச்சரிக்கையைக் குறைக்கத்தான் மனிதனும் மென்பொருளும் முதலில் வழி தேடும்.

இன்னொரு விளைவு பெட்டி இல்லாதவனுக்கு. மரத்தாலும் பைபராலும் செய்த வள்ளம் என்ற சிறு படகு ரேடாரில் லேசாகத்தான் எதிரொலிக்கும். திரையில் பெயரும் வேகமும் பளிச்சென்று வரும் கலங்களைப் பார்த்துப் பழகிய கண், பெயரில்லாத மங்கல் புள்ளியை அலை என்று ஒதுக்கிவிடும். பெட்டி வைத்தவன் எந்த அளவுக்குத் தெரிகிறானோ அந்த அளவுக்கு வைக்காதவன் மறைகிறான்.

கடல் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி, எந்தக் கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும் கிடைக்கும் எல்லா வழிகளாலும் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்கிறது. ஏஐஎஸ் பயன்பாடு பற்றி சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-ல் வெளியிட்ட வழிகாட்டலும், மீன்பிடிப் படகுகள், உல்லாசப் படகுகள், போர்க்கப்பல்களில் இந்தக் கருவி இல்லாமல் இருக்கலாம் என்பதை அதிகாரி எப்போதும் மனதில் வைக்க வேண்டும் என்கிறது. பெட்டி வைக்காதது உன் தப்பு என்று எந்த வள்ளக்காரரிடமும் அந்தச் சட்டம் சொல்லவில்லை. பார்க்கும் கடமையிலிருந்து வேகமாகப் போகிறவன் தப்ப முடியாது. சாலைக்கு பீக்கன் வருவதற்கு முன் இந்த ஒரு வரி சாலைச் சட்டத்துக்குள் வர வேண்டும் என்பது என் கருத்து. இல்லையென்றால் முதல் விபத்து வழக்கிலேயே "பாதிக்கப்பட்டவர் பீக்கன் அணியவில்லை" என்று காப்பீட்டுக் காரர் எழுதி வைத்துவிடுவார்.

நம் சாலையில் யார் யார்

டெம்பியில் கணினியைக் குழப்பியது, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போன ஒரே ஒரு சைக்கிள். நம் கரையில் தள்ளிக்கொண்டு போகாத பொருள் எது?

தண்ணீர் கஷ்டம் உள்ள ஊர்களில் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் எட்டுப் பத்துக் குடங்களை அடுக்கிப் பெண்கள் சாலையோரம் தள்ளிப் போவார்கள். பிளாஸ்டிக் குடம் ரேடாருக்கு ஏறக்குறைய இல்லாத பொருள். உள்ளே இருக்கும் தண்ணீர் எதிரொலிக்கும். போகும்போது காலிக் குடம், வரும்போது நிறைகுடம். ஒரே வண்டி இரண்டு விதமாகத் தெரியும். சீமைக்கருவேல விறகைப் பின்னால் குறுக்கே கட்டிய சைக்கிள், சைக்கிளைப் போல நாலு மடங்கு அகலம். அன்னக்கூடையில் மீனோடு நடப்பவர், பெட்டி கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல், சாலை விளிம்பில் காயும் வலையைப் புரட்டிக்கொண்டிருப்பவர், இவர்களுக்கெல்லாம் எந்தப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது? ஏர்வாடி சந்தனக்கூடு இரவில் கூட்டம் சாலையில்தான் நடக்கும். அத்தனை பேரிடமும் பீக்கன் இருந்தால் கார் நகரவே முடியாது, அல்லது அத்தனையையும் மறைத்துவிட்டு நகரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி முதல் திருப்புல்லாணி வரை பல இடங்களில் கருவேலம் தார் விளிம்பு வரை வந்து நிற்கும். அதற்குப் பின்னாலிருந்து ஆடு வரும், ஆட்டுக்குப் பின்னால் ஆள் வருவார். கேமராவுக்கும் லைடாருக்கும் செடியின் பின்னால் இருப்பது தெரியாது. ரேடியோ அலை செடியைத் தாண்டி வரும். பீக்கனுக்கு உண்மையிலேயே வேலை இருக்கும் இடம் இதுதான். செலவு கட்டுப்படியாகும் என்றால் முன்னால் போகும் ஆட்டுக்கே ஒன்று கட்டலாம்.

பாம்பன் சாலைப் பாலம் வேறு வகை. 1988-ல் திறந்த, இரண்டே கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளமுள்ள பாலம். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதிய ரயில் பாலம் திறந்தபின் வேடிக்கை பார்ப்பவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். காரை ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து, பின்னோக்கி நடந்தபடி செல்ஃபி எடுக்கிறார்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த சாலையில் கச்சான் காற்று காலத்தில் மணல் ஏறிக் கிடக்கும். காய்ந்த தாரில் 80 கி.மீ. வேகக் கார், கணினி அரை நொடியில் முடிவெடுத்தாலும், நிற்க 46 மீட்டர் எடுக்கும் என்று வைத்தால், மணல் படிந்த தாரில் அது 70 மீட்டருக்கு மேல் போகும். பீக்கன் ஆளைப் பற்றிச் சொல்லும், மணலைப் பற்றிச் சொல்லாது.

இரவு இன்னும் மோசம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2022-ல் கண்டது இது: நடப்பவரைப் பார்த்துத் தானே பிரேக் அடிக்கும் வசதி உள்ள கார்கள் நடப்பவர்மேல் மோதுவது மொத்தத்தில் 27 சதவீதம் குறைந்தது. ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்த வித்தியாசமும் இல்லை. 2025-ல் அதே நிறுவனம் இன்னொரு சோதனை செய்தது. ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை ஒட்டிய உடை போட்ட பொம்மையை இரவில் சாலையைக் கடக்க வைத்தார்கள். சோதித்த மூன்று கார்களில் இரண்டு, பெரும்பாலான ஓட்டங்களில் பொம்மையை இடித்தன. மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காக ஒட்டிய பட்டை, கணினிக்கு ஆளின் உருவத்தையே கலைத்துவிட்டிருக்கலாம். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டு அதிகாலையில் சாலை கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்களை நினைத்தால் இந்த முடிவு தூக்கத்தைக் கெடுக்கும்.

பழுதான லாரிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கொப்பும் போட்டு வைப்பது நம் ஊர் பீக்கன். நூறு மீட்டர் முன்னாலேயே எந்த ஓட்டுநரும் புரிந்துகொள்வார். ஸ்பெயினில் எச்சரிக்கை முக்கோணத்துக்குப் பதிலாக, பழுதான வண்டியின் கூரைமேல் வைத்ததும் இருப்பிடத்தை இணையத்துக்கு அனுப்பும் விளக்கை 2026 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கினார்கள். அங்கே அந்தச் சுமை, வண்டி வைத்திருப்பவர் மேல் விழுகிறது, நடப்பவர் மேல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆளுக்கு வேண்டாம், இடத்துக்கு வைக்கலாம்

2022-ல் இந்தியச் சாலைகளில் நடந்துபோனவர்கள் 32,825 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் விபத்து அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முதலிடம், 64,105. நம் சாலையில் நடந்துபோகிறவர்களில் பீக்கன் வாங்கி, சார்ஜ் போட்டு, உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளக்கூடியவர் எத்தனை பேர்? படகில் நான் பொருத்தும் கருவிகள், இறுக்கி மூடிய பெட்டிக்குள் இருந்தும், இணைப்பு முனைகளில் பச்சை பூத்துத் திரும்பி வருகின்றன. டெம்பியில் இறந்த பெண் வீடில்லாமல் இருந்தவர் என்று அப்போதைய செய்திகள் எழுதின. பீக்கன் யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் அது கடைசியாகத்தான் போய்ச்சேரும்.

ஆனால் கடலில் பீக்கனுக்கு இன்னொரு பழைய வடிவம் இருக்கிறது. ரேகான் என்பார்கள். கலங்கரை விளக்கத்திலோ மிதவையிலோ நிலையாக வைத்திருப்பார்கள். கப்பலின் ரேடார் அலை பட்டதும் மோர்ஸ் எழுத்தில் பதில் சொல்லும், திரையில் அந்த இடம் கோடும் புள்ளியுமாக விழும். அதன் இடம் அளந்து வைத்தது, ஜிபிஎஸ் பிழை கிடையாது. மின்சாரமும் பராமரிப்பும் அரசின் பொறுப்பு. படகுக்காரர் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதைச் சாலைக்குக் கொண்டுவரலாம். ஆள் கடக்கும் இடங்கள் ஊருக்குத் தெரிந்தவைதான்: ஐஸ் கம்பெனி வாசல், பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் இருக்கும் திருப்பம், ஆட்டுத் தடம், பாலத்தின் இரு முனைகள். அங்கே கம்பத்தில் சூரிய ஒளியில் ஓடும் பீக்கன் வைத்து, "அடுத்த 200 மீட்டர் ஆள் கடக்கும் இடம், 40-க்குமேல் போகாதே" என்று தானியங்கி வசதியுள்ள ஒவ்வொரு காருக்கும் சொல்ல வைக்கலாம். 40 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் காய்ந்த தாரில் 15 மீட்டர், மணலில் 20 சொச்சம். அந்த வேகத்தில் கணினி குடவண்டியைக் குடவண்டி என்று அடையாளம் காணத் தேவையே இல்லை, ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இதிலும் குறை உண்டு. யாரும் இல்லாத நடுநிசியிலும் கார் வேகத்தைக் குறைக்கும், ஓட்டுபவர் எரிச்சலில் வசதியையே அணைப்பார். பழைய கார்களுக்கு இது கேட்கவே கேட்காது, அவைதான் சாலையில் அதிகம். அதே கம்பத்தில் ஒரு தெருவிளக்கும் சேர்த்து வைத்தால் பழைய காரை ஓட்டும் மனிதக் கண்ணுக்கும் பயன், புதிய காரின் கேமராவுக்கும் பயன். இருட்டில் ஒன்றும் செய்யவில்லை என்று 2022 ஆய்வு சொன்ன குறைக்கு நேரான பதில் அந்த விளக்குதான்.

பணமும் ஆளும் இருக்கும் இடங்களில் மேலே ஒரு அடுக்காகத் தனிநபர் பீக்கனும் வரட்டும், தடை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கார் விற்பவரிடம் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. பீக்கன் இல்லாத ஆளை உங்கள் வண்டி இருட்டில் எத்தனை மீட்டரில் பார்க்கிறது? ஆளா பொருளா என்று தெரியாதபோது வேகத்தைக் குறைக்கிறதா, தெரியும்வரை அப்படியே போகிறதா? எச்சரிக்கை வந்தபின் பிரேக் விழுவதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறது? இந்தப் பதில்கள் விற்பனைக்கு முன் எழுத்தில் வேண்டும். சோதனை ஓட்டம் சென்னைக்கு வெளியே உள்ள நாலுவழிச் சாலையில் நடந்தால் போதாது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், நிலா இல்லாத இரவில், காலிக் குடம் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்றைக் குறுக்கே விட்டுப் பார்க்க வேண்டும். தள்ளுவதற்குப் பொம்மையே போதும்.